காலப்புள்ளி மீட்பு: பதிவேடுகளின் பாதுகாப்பும் கல்முனைக் கரையோரத்தின் அனுபவமும்

எழுதப்பட்ட சான்று இல்லாத உரிமை வழக்குமன்றத்தில் நிலைபெறுதல் அரிது. ஒருவரின் பிறப்பைப் பதிவாளரின் ஏடும், காணியை நொத்தாரிசின் உறுதியும், வாக்குரிமையைத் தேருநர் இடாப்பும், ஓய்வூதியத்தை அலுவலகக் கோவையும் உறுதிப்படுத்துகின்றன. கடந்த சில பத்தாண்டுகளாக இவ்வேடுகள் படிப்படியாகக் கணினித் தரவுத்தளங்களுக்கு மாற்றப்பட்டு வருகின்றன. இம்மாற்றத்தின் நன்மைகள் பலராலும் எடுத்துரைக்கப்பட்டுள்ளன. ஆயின், தரவுத்தளம் சிதைந்துவிட்டால் அதனை எந்நேரத்து நிலைக்கு மீட்பது, எவ்வளவு காலத்துள் மீட்பது, எவ்வளவு இழப்பைப் பொறுத்துக்கொண்டு மீட்பது என்னும் வினாக்கள் பெரும்பாலும் தொழினுட்பவியலாளரிடமே விடப்பட்டுள்ளன. அவை சமுதாயமும் சேர்ந்து விடைகாண வேண்டிய வினாக்கள் என்பதே இக்கட்டுரையின் துணிபு. தரவுத்தள மீட்பு முறைகளுள் முதன்மையான 'காலப்புள்ளி மீட்பு' என்பதை விளக்கி, அதன் அமைப்பில் எடுக்கவேண்டிய முடிவுகளை அம்பாறைக் கரையோரத்தின் அனுபவத்தோடு இணைத்து நோக்குதல் ஈண்டு நோக்கமாகும்.

காலப்புள்ளி மீட்பு என்பது, ஒரு தரவுத்தளத்தைக் கடந்தகாலத்தில் நாம் விரும்பிக் குறிப்பிடும் ஒரு கணத்தில் அது இருந்த நிலைக்கு மீளக் கொண்டுவருதலாகும். நேற்றிரவு எடுத்த பிரதியை மீள வைத்தல் மட்டும் இதனுள் அடங்காது. "இன்று முற்பகல் 10.41 இற்கு இருந்தவாறு" என்று கேட்டால், அவ்வாறே தரவல்ல ஏற்பாடே காலப்புள்ளி மீட்பாகும்.

கரையோரம் கற்பித்த பாடம்

2004 டிசம்பர் 26 அன்று இந்துமாக்கடலில் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் மிகக் கூடிய உயிர்களைப் பலிகொண்ட மாவட்டம் அம்பாறையே. இம்மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய முஸ்லிம் ஊர்களும் அவற்றோடு அடுத்தடுத்து அமைந்த தமிழ் ஊர்களும் கடலுக்கும் நெல்வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்தில் நெருக்கமாகக் குடியமைந்தவை. கடலை அண்டி வாழ்ந்தோரிற் பெரும்பாலார் மீனவரும் கூலித்தொழிலாளருமாவர். வீட்டோடு அலுமாரியும் பெட்டகமும் அவற்றுள் இருந்த பிறப்பத்தாட்சிப் பத்திரங்களும் தேசிய அடையாள அட்டைகளும் காணி உறுதிகளும் அள்ளுண்டு போயின. உயிர் தப்பியோர் நிவாரணத்திற்கும் வீட்டுக்கும் விண்ணப்பித்தபோது, தாம் யார் என்பதையும் தமது நிலம் எது என்பதையும் நிறுவவேண்டியவராயினர்.

இந்நிலையில் மக்களுக்குக் கைகொடுத்தது வேறோரிடத்தில் இருந்த மறுபிரதியேயாகும். இதற்குக் காணி உறுதியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இலங்கையின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசு ஓர் உறுதியை முடிக்கும்போது மூலம் உரியவரிடம் சேர்கின்றது. ஒரு படியை நொத்தாரிசு தம்மிடமே பேணுகின்றார். இன்னொரு படி காணிப் பதிவாளருக்கு அனுப்பப்படவேண்டும். ஒரு மாதத்தில் முடித்த உறுதிகளின் படிகளை அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் அனுப்புதல் நொத்தாரிசின் கடமை.

இவ்விதியைக் கணக்கிட்டு நோக்கின் ஓர் உண்மை புலப்படும். டிசம்பர் 1 ஆம் திகதி முடித்த உறுதியின் படி, சட்டத்தை மீறாமலே, ஜனவரி 15 வரை நொத்தாரிசின் மேசையில் இருக்கலாம். அஃதாவது, 45 நாள்வரை மூன்று பிரதிகளும் ஒரே ஊரில், சிலவேளை ஒரே தெருவில், இருத்தல் கூடும். ஆழிப்பேரலை வந்த டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமையும் பூரணை விடுமுறையுமாகும். அம்மாதத்து உறுதிகளின் படிகளை அனுப்புவதற்கு மேலும் இருபது நாள் தவணை இருந்தது. கடந்த நவம்பரில் காணி வாங்கியவருக்கு இருந்த பாதுகாப்பு, டிசம்பரில் வாங்கியவருக்கு அதே அளவில் இருக்கவில்லை. எவருடைய குற்றமுமின்றி, முறையின் அமைப்பிலேயே பொதிந்திருந்த இடைவெளி இது. தரவுத்தள மீட்பைத் திட்டமிடுவோர் முதலிற் கேட்கும் வினாவும் இவ்விடைவெளி பற்றியதே.

மறுபிரதியால் ஈடுசெய்ய இயலாதவையும் இருந்தன. காணாமற் போனோரின் மரணத்தைப் பதிவுசெய்வதற்கும் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பராமரிப்பை ஒழுங்குசெய்வதற்கும் 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சுனாமி (விசேட ஏற்பாடுகள்) சட்டம் தேவைப்பட்டது. இதே வேளையில், இலங்கையின் கணினி வல்லுநர்கள் தொண்டர்களாகக் கூடி, காணாமற் போனோர், முகாம்கள், நிவாரணத் தேவைகள் ஆகியவற்றைப் பதிவதற்குச் 'சகனா' என்னும் திறந்த மூல மென்பொருளை 2005 ஜனவரியில் உருவாக்கினர். அழிவின் பின்னர் ஒரு தரவுத்தளத்தைப் புதிதாகக் கட்டுதல் எத்துணை அருமையான பணி என்பதற்கு அது சான்று. அழிவுக்கு முன்னரே மீட்பைத் திட்டமிடுதல் இதனினும் எளிது.

பேரேடும் நாளேடும்

காலப்புள்ளி மீட்பின் தத்துவம் கணினிக்கு முற்பட்டது. கல்முனைக் கடைத்தெருவில் பழைய முறையிற் கணக்கெழுதிய ஒரு மொத்த வியாபாரியை எண்ணிப் பார்ப்போம். அவரிடம் இரு ஏடுகள் உண்டு. நாளேட்டில் நாள்தோறும் நிகழும் வரவு செலவுகள் நிகழ்ந்த ஒழுங்கிலேயே எழுதப்படும். பேரேட்டில் ஆள்வாரியாக எவர் எவ்வளவு தரவேண்டும் என்னும் நிலுவை இருக்கும். மாத முடிவில் அவர் பேரேட்டின் நிலுவைகளை வேறொரு கொப்பியில் எழுதி வீட்டில் வைக்கின்றார் எனக் கொள்வோம். மாத நடுவில் மழைநீர் புகுந்து பேரேடு கரைந்து போயினும் அவர் கலங்க வேண்டியதில்லை. வீட்டிலுள்ள கொப்பியின் நிலுவையை எடுத்து, அதன்மேல் நாளேட்டின் வரிகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பதிந்துவரின் பேரேடு மீண்டும் உருவாகிவிடும். அவர் விரும்பினால் எந்த வரியிலும் நிறுத்தலாம். புதன்கிழமை நண்பகலில் நிறுத்தினால், புதன்கிழமை நண்பகலில் இருந்த பேரேடு கிடைக்கும்.

தரவுத்தளத்தில் நிகழ்வதும் இதுவே. வீட்டுக் கொப்பியின் இடத்தில் அடிப்படைக் காப்புப் பிரதியும், நாளேட்டின் இடத்தில் மாற்றப் பதிவேடும் நிற்கின்றன. முன்னதிலிருந்து தொடங்கி, பின்னதை வரிவரியாக மீளப் பதிந்து, குறித்த கணத்தில் நிறுத்துவதே காலப்புள்ளி மீட்பாகும். இம்முறைக்கு இரு நிபந்தனைகள் இன்றியமையாதன. நாளேட்டில் எழுதிய பின்னரே பேரேட்டைத் திருத்தவேண்டும் என்பது ஒன்று. நாளேட்டின் ஏடுகளுள் ஒன்றேனும் விடுபடலாகாது என்பது மற்றொன்று. இடையில் ஓர் ஏடு தொலைந்தால் அதற்குப் பிந்திய ஏடுகள் அனைத்தும் பயனற்றவையாகும்.

இத்தத்துவத்தைக் கணினியியலில் நிலைநிறுத்தியோர் பலர். ஒன்றாகவே நிகழவேண்டிய மாற்றங்களின் தொகுதியைக் 'கொடுக்கல்வாங்கல்' என்னும் கருத்தாக ஜிம் கிரே 1981 இல் தெளிவுபடுத்தினார். ஒரு காணி ஒருவர் பெயரிலிருந்து நீங்குவதும் இன்னொருவர் பெயரில் ஏறுவதும் ஒருங்கே நிகழவேண்டும்; ஒன்று நிகழ்ந்து மற்றொன்று நிகழாதிருப்பின் அது பதிவன்று, குழப்பம். 1983 இல் தியோ ஹேர்டரும் அந்திரேயாஸ் ரொய்ற்றரும் மீட்பின் நெறிகளை வகைப்படுத்தினர். இத்துறையின் தலையாய ஆக்கங்களுள் ஒன்றாக மதிக்கப்படும் 'ஏரிஸ்' முறையை 1992 இல் விரிவாக வெளியிட்ட குழுவின் முதலாசிரியர், தமிழ்நாட்டிற் பிறந்து சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பயின்று ஐபிஎம் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய சி. மோகன் ஆவார். இயந்திரம் தடைப்பட்டு மீளும்போது முதலில் நடந்ததை நடந்தவாறே மீள நிகழ்த்துக, அதன்பின் முற்றுப்பெறாத கொடுக்கல்வாங்கல்களை மட்டும் நீக்குக என்பது அம்முறையின் சாரம். நிகழ்ந்ததை மீள நிகழ்த்தும் ஆற்றல் இருப்பின், விரும்பிய இடத்தில் நிறுத்தும் ஆற்றலும் கைகூடும்.

அழிவுகளின் வகை

"எமது தரவுத்தளம் இரு இயந்திரங்களில் ஒரே நேரத்தில் இயங்குகின்றது, ஆகவே அச்சமில்லை" என்று சில நிறுவனங்கள் அமைதியடைவதுண்டு. இவ்வமைதி பொருத்தமானதா என அறிய அழிவுகளை வகைப்படுத்தி நோக்குதல் வேண்டும்.

முதலாவது, இயந்திரத்தின் அழிவு. வட்டு பழுதடைதல், மின் தடைப்படுதல் போன்றவை இதன்பாற்படும். அருகிலே இயங்கும் நிழற்பிரதி இதற்குப் போதிய மருந்து. இரண்டாவது, இடத்தின் அழிவு. தீ, வெள்ளம், கடல்கோள், கலவரம் ஆகியன கட்டடத்தையும் அதிலுள்ள எல்லாப் பிரதிகளையும் ஒருசேர அழிப்பன. 1981 இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் வேறெங்கும் படியில்லாத ஏடுகள் மீளாது போனமை நாம் அறிந்ததே. மூன்றாவது, மனிதத் தவறு. ஓர் உத்தியோகத்தர் ஓர் ஊரின் பதிவைத் திருத்த முற்பட்டு, நிபந்தனையொன்றை எழுதத் தவறிப் பிரதேசம் முழுவதன் பதிவையும் திருத்திவிடலாம். இங்கு நிழற்பிரதி பயன்படாது. மூலத்தில் நிகழ்ந்த தவறு சில கணங்களில் நிழலிலும் நிகழ்ந்துவிடும். நான்காவது, தீங்கு நினைப்போரின் செயல். தரவுகளை மறைகுறியாக்கிப் பணயமாக வைத்துப் பணம் கேட்கும் கும்பல்கள், கைக்கெட்டும் காப்புப் பிரதிகளையும் பெரும்பாலும் விட்டுவைப்பதில்லை.

பின்னிரு வகைகளுக்கும் இலங்கையிலேயே சான்றுகள் உள. 2021 இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் பெருந்தொகையான தரவுகள் அரசாங்க முகிற்கணினியிலிருந்து அழிந்தமை வெளிப்பட்டு, குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் விசாரணைக்கும் நீதிமன்ற நடவடிக்கைக்கும் உள்ளாயிற்று. 2023 இல் அதே முகிற்கணினியின் மின்னஞ்சல் தொகுதி பணயத் தாக்குதலுக்கு இலக்காயிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. தொகுதி விரைவிலேயே மீள இயங்கத் தொடங்கியது. எனினும் அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகளுக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. ஏறத்தாழ நூறு நாள்களின் அரச மடல்கள் மீட்கப்படாது போயின.

இந்நிகழ்வைக் கூர்ந்து நோக்கின், காப்புப் பிரதி என ஒன்று அங்கும் இருந்தது என்பது புலனாகும். இல்லாதது, அப்பிரதிக்கும் அழிவுக்கும் இடைப்பட்ட காலத்தை நிரப்பவல்ல, தாக்குவோரின் கைக்கெட்டாத தொடர்ச்சியான பதிவு. நொத்தாரிசின் 45 நாளும் முகிற்கணினியின் நூறு நாளும் ஓரினத்தைச் சேர்ந்தவை.

அமைப்பில் எடுக்கவேண்டிய முடிவுகள்

காலப்புள்ளி மீட்பை அமைக்க முற்படுவோர் எதிர்கொள்ளும் முடிவுகளைக் கரையோரப் பிரதேச செயலகம் ஒன்றின் தரவுத்தளத்தை மனத்திற்கொண்டு நோக்குவாம். கீழ்வரும் அளவுகளுட் சில விளக்கத்தின் பொருட்டுக் கொள்ளப்பட்டவை.

முதன்மையானது இழப்பெல்லை. அழிவு நேரின், அதற்கு முந்திய எவ்வளவு நேரத்துப் பதிவை இழக்கலாம் என்பதே இது. நாளொன்றுக்கு ஒருமுறை பிரதி எடுப்பின் இழப்பெல்லை ஒரு நாள். மாற்றப் பதிவேட்டை ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை வெளியிடத்திற்கு அனுப்பின் ஐந்து நிமிடம். இவ்விடத்தில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. 'போஸ்ட்கிரெஸ்' என்னும் திறந்த மூலத் தரவுத்தளம் தன் மாற்றப் பதிவேட்டை வழமையாக 16 மெகாபைற் அளவான துண்டுகளாக எழுதுகின்றது. துண்டு நிறைந்தபின்னரே அது காப்பகத்திற்கு அனுப்பப்படும். பெரிய வங்கியொன்றில் அத்துண்டு சில விநாடிகளில் நிறைந்துவிடும். மணிக்கு 2 மெகாபைற் மட்டும் எழுதும் சிறிய அலுவலகத்திலோ அது நிறைய எட்டு மணி நேரம் செல்லும். ஆகவே வேறு ஏற்பாடு செய்யாவிடின், வேலை குறைந்த அலுவலகமே அதிக நேரத்துப் பதிவை இழக்கும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை துண்டை முடித்து அனுப்புமாறு பணித்தல் இதற்குப் பரிகாரம். எட்டு மணி நேர வேலைநாளில் 96 துண்டுகள், அஃதாவது 1,536 மெகாபைற் சேரும். அவற்றிற் பெரும்பகுதி வெறுமையாதலின் சுருக்கி அனுப்புதல் எளிது.

இரண்டாவது காத்திருப்பெல்லை. மீட்பு முடிந்து கருமபீடம் மீளத் திறக்க எவ்வளவு நேரம் செல்லலாம் என்பது இது. இந்நேரம் இரு கூறுகளையுடையது: அடிப்படைப் பிரதியைக் கொண்டுவரும் நேரம், அதன்மேற் பதிவேட்டை மீளப் பதியும் நேரம். தரவுத்தளம் 200 கிகாபைற் எனவும், பிரதி இருக்கும் தொலை நகரிலிருந்து விநாடிக்கு 10 மெகாபைற் வீதம் வரும் எனவும் கொள்வோம். பிரதி வந்துசேர மட்டும் ஐந்தரை மணி நேரம் வேண்டும். நாளொன்றுக்கு 4 கிகாபைற் மாற்றம் நிகழ்வதாகவும் வாரம் ஒருமுறை அடிப்படைப் பிரதி எடுப்பதாகவும் கொண்டால், மிகக் கூடியது 28 கிகாபைற் பதிவேட்டை மீளப் பதியவேண்டும். விநாடிக்கு 50 மெகாபைற் வீதம் பதியின் அது பத்து நிமிடத்தினுள் முடிந்துவிடும். இத்தகைய ஓர் அலுவலகத்தில் நேரத்தை விழுங்குவது பதிதலன்று, தொலைத்தொடர்பு வழியே. ஆதலின் அண்மையில் ஒரு பிரதியும் சேய்மையில் ஒரு பிரதியும் வைத்தல் தகும். அன்றாடத் தவறுகளுக்கு அண்மைப் பிரதியும் பேரழிவுக்குச் சேய்மைப் பிரதியும் உதவும்.

மூன்றாவது இடம். சேய்மை என்பதைக் கிலோமீற்றரால் மட்டும் அளத்தல் போதாது. கல்முனைக்கும் காலிக்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரிது. எனினும் 2004 இல் ஒரே முற்பகலில் இரு நகரங்களையும் கடல் தாக்கிற்று. ஒரே இடருக்கு உட்படும் ஈரிடங்கள், தூரத்தால் எத்துணை விலகியிருப்பினும், பாதுகாப்பின் நோக்கில் ஓரிடமே. கல்முனையின் பிரதி அக்கரைப்பற்றிலோ மட்டக்களப்பிலோ இருப்பதைக் காட்டினும் உள்நாட்டு மேட்டுநிலத்தில், கண்டி போன்ற நகரொன்றில், இருப்பது மேலானது. அன்றியும், ஒரே கடவுச்சொல்லால் அழிக்கத்தக்க இரு பிரதிகளும் ஓரிடத்துப் பிரதிகளே. ஒரு பிரதியாவது வலையமைப்பினின்றும் துண்டிக்கப்பட்டோ, குறித்த காலம்வரை எவராலும் அழிக்க இயலாதவாறோ இருத்தல் வேண்டும்.

நான்காவது பேணற்காலம். தவறு நிகழும் நாளும் அது கண்டுபிடிக்கப்படும் நாளும் வேறு. ஏழு நாளைய பதிவேட்டை மட்டும் பேணும் அலுவலகத்தில் எட்டாம் நாள் தெரியவரும் தவற்றை மீட்டல் இயலாது. பிள்ளையின் பிறந்த ஆண்டு பிழையாகப் பதியப்பட்டமை பாடசாலை அனுமதியின்போதுதான் தெரியவரலாம். அத்தகைய தவறுகளுக்குக் காலப்புள்ளி மீட்பு பரிகாரமன்று. ஒவ்வொரு திருத்தத்தையும் யார், எப்போது, எதிலிருந்து எதற்கு மாற்றினார் எனத் தரவுத்தளத்தினுள்ளேயே எழுதிவைக்கும் திருத்த வரலாறே அதற்கு வழி. ஒரு மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது என்பதை அமைப்போர் மறத்தலாகாது.

எந்தக் கணம்?

மீட்கும் ஆற்றல் இருப்பினும், எந்தக் கணத்திற்கு மீட்பது எனத் துல்லியமாகக் குறிப்பிடுதல் தனி வினாவாகும். நேரத்தைக் கூறின் போதும் எனத் தோன்றலாம். ஆயின் இலங்கையர்க்கு நேரத்தின் நிலையாமை புதிதன்று. 1996 மே மாதத்தில் நாட்டின் நியம நேரம் ஒரு மணி முன்தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்ரோபரில் அரைமணி பின்தள்ளப்பட்டது. 2006 ஏப்ரில் 15 அன்று மேலும் அரைமணி பின்தள்ளப்பட்டு, உலகப் பொதுநேரத்தினும் ஐந்தரை மணி முந்திய பழைய நிலை மீண்டது. 'பழைய நேரமா, புதிய நேரமா' என்று வினவித் தெளிதல் அக்காலத்தில் வழக்கமாயிருந்தது.

2006 ஏப்ரில் 15 அன்று நள்ளிரவு கடந்து 12.30 ஆனபோது கடிகாரங்கள் 12.00 இற்குத் திருப்பப்பட்டன. ஆகவே அவ்விரவில் 12.10 என்னும் நேரம் இருமுறை வந்தது. "12.10 இன் நிலைக்கு மீட்க" என்று பணித்தால் எந்த 12.10? உள்ளூர் நேரத்தில் மட்டும் எழுதப்பட்ட பதிவு இதற்கு விடை கூறாது. எனவே மாற்றப் பதிவேடு உலகப் பொதுநேரத்தில் எழுதப்படல் வேண்டும். மனிதருக்குக் காட்டும்போதே உள்ளூர் நேரமாக மாற்றப்படல் வேண்டும். இதனினும் உறுதியானது, நேரத்தை விட்டுக் கொடுக்கல்வாங்கலின் இலக்கத்தைக் குறிப்பிடுதல். நேரம் பின்செல்லலாம், வரிசை இலக்கம் பின்செல்வதில்லை. பெருந்திருத்தம் ஒன்றைத் தொடங்குமுன் அவ்விடத்திற்கு ஒரு பெயரிட்டு அடையாளப் புள்ளி வைத்தலும் நன்று. "வாக்காளர் இடாப்புத் திருத்தத்திற்கு முன்" என்று பெயரிட்டுவைத்தால், பின்னர் நேரத்தைத் தேடி அலையவேண்டியதில்லை.

மீட்டபின் எழும் நிலையும் கருதற்பாலது. முற்பகல் 10.41 இற்கு மீட்டு அங்கிருந்து வேலையைத் தொடரின், அக்கணத்திலிருந்து இரு வரலாறுகள் பிரிகின்றன: முன்பு நிகழ்ந்தது ஒன்று, இப்போது தொடர்வது இன்னொன்று. நல்ல அமைப்புகள் இவற்றைத் தனித்தனிக் காலக்கிளைகளாகப் பேணுகின்றன. மீட்புக்குத் தேர்ந்த கணம் பிழையாயிருப்பின் பழைய கிளைக்குத் திரும்பி வேறொரு கணத்தைத் தேர இது வழிசெய்கின்றது.

மீட்கும் வழிகள்

ஒரு தவறு 10.42 இற்கு நிகழ்ந்து, பிற்பகல் 3.15 இற்குத் தெரியவருகின்றது எனக் கொள்வோம். முதல் வழி, தரவுத்தளம் முழுவதையும் 10.41 இற்குப் பின்தள்ளுதல். மருதமுனைக் கைத்தறியில் நெய்வோர், சில அங்குலத்திற்கு முன் ஊடை பிழைத்தமையைக் கண்டால் அவ்விடம்வரை பிரிக்கின்றனர். பிழைக்குப் பின் செவ்வனே நெய்ததும் அதனோடு பிரிந்துபோகும். அவ்வாறே, இடைப்பட்ட நாலரை மணி நேரத்தில் நேர்மையாகப் பதியப்பட்ட பிறப்பும் மணமும் கொடுப்பனவும் இவ்வழியில் மறைந்துவிடும். வெளியூரிலிருந்து பேருந்தில் வந்து அலுவலை முடித்துத் திரும்பியவர், தமது பதிவு மறைந்தமையை அறியவும் மாட்டார்.

இரண்டாவது வழி, இயங்கும் தரவுத்தளத்தைத் தொடாமல், வேறோர் இயந்திரத்தில் 10.41 இன் நிலையை எழுப்பி, பழுதுற்ற பதிவுகளை மட்டும் அங்கிருந்து எடுத்து இங்கு சேர்த்தல். இதற்குக் கூடுதல் இயந்திரமும் கூடுதல் உழைப்பும் வேண்டும். இடையில் அப்பதிவுகளைச் சார்ந்து வேறு பதிவுகள் எழுந்தனவா என்றும் ஆராயவேண்டும். எனினும் மக்களின் பதிவைக் கையாளும் நிறுவனங்களுக்கு இதுவே பெரும்பாலும் ஏற்றது. மூன்றாவது வழி, தவற்றை அழிக்காமல், அதனை ஈடுசெய்யும் மாற்றுப் பதிவொன்றை இடுதல். கணக்காளர் பிழையான வரியை அழிப்பதில்லை, எதிர்ப்பதிவு இடுவர். தவறு சிறிதாகவும் எல்லை தெளிவாகவும் இருப்பின் இவ்வழி சாலும். இம்மூன்றையும் முன்கூட்டியே ஆயத்தம் செய்து, எவ்வேளை எதனைக் கையாள்வது என எழுதிவைத்திருத்தலே மீட்பு அமைப்பின் முதிர்ச்சி எனலாம்.

ஒத்திகையின் இன்றியமையாமை

மீட்டுப் பார்க்கப்படாத காப்புப் பிரதி நம்பிக்கை மட்டுமே. உலகப் புகழ் வாய்ந்த மென்பொருள் நிறுவனமான கிற்லாப், 2017 ஜனவரி 31 அன்று இதனைத் தன் அனுபவத்தால் உணர்ந்தது. களைப்புற்றிருந்த பொறியியலாளர் ஒருவர் பிழையான இயந்திரத்தில் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். பலவகைக் காப்பு முறைகள் ஏற்படுத்தப்பட்டிருந்தும், தேவைப்பட்டபோது அவை பயன்படவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுக்கப்பட்டிருந்த ஒரு பிரதியே கைகொடுத்தது; இடைப்பட்ட மாற்றங்கள் இழக்கப்பட்டன. அந்நிறுவனம் நிகழ்ந்தவற்றை ஒளிக்காது வெளியிட்டமை பாராட்டற்குரியது. திறமையும் பணமும் படைத்த நிறுவனத்தின் நிலையே இதுவாயின், ஒத்திகை செய்யாத சிறு அலுவலகத்தின் நிலை கூறவேண்டியதில்லை. மாதம் ஒருமுறை, எழுந்தமானமாகத் தேர்ந்த ஒரு கணத்திற்கு வேறோர் இயந்திரத்தில் மீட்டு, எடுத்த நேரத்தைக் குறித்துவைத்தல் இன்றியமையாத பணி.

யார் முடிவுசெய்வது?

இதுவரை கூறியவற்றுள் இழப்பெல்லை ஐந்து நிமிடமா ஒரு நாளா என்பதைத் தொழினுட்பம் தீர்மானிப்பதில்லை. தொழினுட்பம் விலையை மட்டும் கூறும். தீர்மானிப்பது நிறுவனம், அதன் விளைவை அனுபவிப்பது மக்கள். வசதி படைத்தவரிடம் உறுதியின் நிழற்படப் பிரதியும் சட்டத்தரணியும் வங்கிப் பெட்டகமும் உள. ஒரே காகிதத்தை ஓலைப்பெட்டியில் வைத்திருக்கும் மீனவரின் உரிமை அரசின் ஏட்டையே முழுவதும் சார்ந்துள்ளது. அரச ஏட்டில் ஒரு நாள் இழக்கப்படின், அதன் சுமை இவ்விருவர்மீதும் சமமாக விழுவதில்லை. ஆகவே இழப்பெல்லை வகுத்தல் ஒரு பங்கீட்டுப் பிரச்சினையுமாகும். அது பகிரங்கமாக விவாதிக்கப்படல் வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கடந்தகாலத்தின் எக்கணத்தையும் எழுப்பவல்ல அமைப்பு, மறக்கப்படவேண்டியதையும் எழுப்பவல்லது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய தரவை அழிக்குமாறு கேட்கும் உரிமையை ஏற்றுள்ளது. இயங்கும் தரவுத்தளத்தில் அழித்தபின்னும் அத்தரவு காப்புப் பிரதிகளில் வாழ்கின்றது. எனவே பேணற்காலம் தேவைக்கு மேல் நீளுதலும் தீதே. எவ்வளவு காலம் பேணப்படும், யார் திறக்கலாம், மீட்டபின் முன்னர் அழிக்கக் கேட்கப்பட்டவை மீள அழிக்கப்படுமா என்பன விதியாக எழுதப்படல் வேண்டும். போரையும் இடப்பெயர்வையும் கண்ட சமூகங்களுக்கு, ஆள்விபரப் பட்டியல்கள் யார் கையிற் சேர்கின்றன என்பது அற்ப விடயமன்று.

இவ்வமைப்புக்குப் பெரும்பணம் வேண்டும் என்னும் எண்ணம் பொருந்தாது. காலப்புள்ளி மீட்பு வசதி போஸ்ட்கிரெஸின் 8.0 ஆம் பதிப்பில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டு 2005 ஜனவரி 19 அன்று வெளியாயிற்று. ஆழிப்பேரலைக்கு இருபத்துநாலு நாள் பின்னர், எவரும் விலையின்றிப் பயன்படுத்தத்தக்கதாய் இவ்வசதி உலகுக்குக் கிடைத்தது என்பது வரலாற்றின் தற்செயல். மென்பொருட் செலவு இன்று தடையன்று. பயிற்சி பெற்ற ஆளும் ஒழுங்கான ஒத்திகையுமே குறைபாடு. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996 இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இக்கரையோரத்திலேயே, ஒலுவிலில், அமைந்துள்ளது. அதன் கணினியியல் மாணவரும் சுற்றுப்புற உள்ளூராட்சி மன்றங்களும் கூடி, ஆண்டுதோறும் மீட்பு ஒத்திகை நடத்துவாராயின், மாணவர்க்கு அது மெய்யான பயிற்சியாகவும் மன்றங்களுக்குத் தம் ஏடுகளின் நிலையை அறியும் வாய்ப்பாகவும் அமையும்.

சுருங்கக் கூறின், காப்புப் பிரதி உண்டா என்னும் வினா மட்டும் போதியதன்று. எந்தக் கணம்வரை, எவ்வளவு நேரத்துள், எவ்விடத்திலிருந்து, எவருடைய பதிவை இழக்காமல் மீட்க இயலும், இறுதியாக அது எப்போது மீட்டுப் பார்க்கப்பட்டது என்று ஒவ்வொரு நிறுவனத்தையும் வினவுதல் வேண்டும். தமது பெயரும் நிலமும் அவ்வேடுகளில் இருத்தலின், இவ்வினாக்களை எழுப்பும் உரிமை குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் உண்டு. 2004 டிசம்பரில் 45 நாளாயிருந்த இடைவெளியை ஐந்து நிமிடமாகக் குறைக்கும் ஆற்றல் இன்று எமக்கு வாய்த்துள்ளது. அதனைப் பயன்படுத்துவதா, அடுத்த அழிவுவரை காத்திருப்பதா என்பதே எஞ்சியுள்ள வினா.